ஐம்பது நிமிட எதிர்க்காற்று

வானொலிப் பெட்டி கரகரத்தது.

"சிகுவிக்... சிகுவிக்... ரெமி பேசறேன். இருக்கியா ஒவிலு?"

ஒவிலு கையிலிருந்த தேநீர்க் குவளையை மேசை மேல் வைத்தாள். கொஞ்சம் பலமாகவே வைத்தாள். தேநீர் சிந்தி மேசையில் ஓடியது.

இரண்டு வாரமாக அவள் காத்திருந்த குரல்.

அவள் அண்ணனைக் கொன்றவனின் குரல்!

"இருக்கேன்," என்றாள்.

"துக்துலிக்லேர்ந்து கிளம்பிட்டேன். மணி ஒண்ணு பத்து. அங்க வானம் எப்படி?"

ஜன்னல் வழியே பார்த்தாள். வட துருவத்து மார்ச் மாத வெயில். ஓடுபாதையின் கடைசி விளக்குக் கம்பம் வரை பளிச்சென்று தெரிந்தது.

"வடக்குக் காத்து. லேசாத்தான் இருக்கு. கடல் பனி விளிம்பு வரைக்கும் தெரியுது."

"அப்போ ரெண்டே முக்காலுக்கு உன் வாசல்ல நிப்பேன். உனக்கு ஒண்ணு கொண்டு வர்றேன். என்னன்னு சொல்ல மாட்டேன்."

லஞ்சம், என்று நினைத்தாள் ஒவிலு. அல்லது பிராயச்சித்தம். எதுவாக இருந்தாலும் அவளுக்கு வேண்டாம்.

வடக்கே இருக்கும் துக்துலிக்கிலிருந்து சிகுவிக் நானூற்று முப்பது கிலோமீட்டர். ரெமியின் சரக்கு விமானத்தில் ஒரு மணி முப்பத்தைந்து நிமிடம். இடையில் சாலை இல்லை, ஊர் இல்லை. பனியும் பாறையும்தான். இருபத்திரண்டு வருடமாக அந்தக் கணக்கைப் பதிவுப் புத்தகத்தில் எழுதி வருகிறாள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

சிகுவிக் விமான நிலையம் என்பது ஒரு சரளைக்கல் பாதை, ஒரு குடில், ஒரு வானொலி, ஒரு ஒவிலு. அவ்வளவுதான். மேலே இருப்பவனுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாது. அவள் சொன்னால் இறங்குவான். வேண்டாம் என்றால் திரும்புவான். அவள் கண்தான் அவன் கண்.

அந்தக் கண்ணை இன்று ஒரே ஒரு தடவை மூடிக்கொண்டால் போதும்...

பதினேழு நாட்களுக்கு முன்பு அவள் அண்ணன் சிமியோனி ரத்த வாந்தி எடுத்தான். பெரிய மருத்துவமனை துக்துலிக்கில் இருந்தது. நோயாளிகளுக்கான விமானம் தெற்கே புயலில் மாட்டிக்கொண்டது. அன்று காலை சரக்கோடு வந்திருந்த ரெமிதான் அகப்பட்டான். ஊரின் ஒரே நர்ஸால், மூச்சுத் திணறும் இரண்டு குழந்தைகளை விட்டுவிட்டுக் கூடப் போக முடியவில்லை. ஆகவே சரக்குத் தட்டில் ஒரு மெத்தை. மெத்தையில் சிமியோனி. முன்னால் ரெமி. வேறு யாருமில்லை.

ஒவிலுதான் புத்தகத்தில் எழுதினாள். புறப்பாடு, பதினொன்று இருபது.

இறங்கியபோது சிமியோனி பிணமாக இறங்கினான்.

அங்கிருந்த இளம் நர்ஸ் தொலைபேசியில் ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, ஓர் அரை மணி முன்னால் கொண்டுவந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்று சொல்லி வைத்தாள்.

அந்த அரை மணி ஒவிலுவின் மண்டையைக் குடைந்தது. அடக்கமெல்லாம் முடிந்த பிறகு புத்தகத்தைத் திறந்தாள். விமானம் இறங்கிய நேரம், ஒன்று முப்பது.

இரண்டு மணி பத்து நிமிடம்!

எதிர்க்காற்று என்று ரெமி போலீசிடம் எழுதிக் கொடுத்திருந்தான். ஆனால் அதே நாள் காலை, அதே ரெமி, சிகுவிக்கில் இறங்கியதும் திட்டிய திட்டு அவளுக்கு மறக்கவில்லை. தெற்கிலிருந்து மூஞ்சியில் அடிக்கிற காற்று, வந்து சேர இரண்டு மணி ஆகிவிட்டது என்று புலம்பினான். வரும்போது முகத்தில் அடித்த காற்று போகும்போது முதுகைத் தள்ள வேண்டாமா? ஒரு மணி இருபது நிமிடத்தில் போயிருக்க வேண்டும்.

ஐம்பது நிமிடத்தைக் காணவில்லை.

புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கான்ஸ்டபிள் ஹைன்ஸிடம் போனாள். ஹைன்ஸ் தெற்கிலிருந்து மாற்றலாகி வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. இன்னும் கையுறையைக் கழற்றிவிட்டு இரும்பைத் தொட்டு, குளிரில் விரல் ஒட்டிக்கொண்டு விழிக்கிற ஆள்.

"மேல ஒரு காத்து, கீழ ஒரு காத்து இருக்கும் அக்கா," என்றான் முதலில்.

"வர்றப்பவும் எதிர்க்காத்து, போறப்பவும் எதிர்க்காத்தா? இந்த ஊர்ல எந்தப் பக்கம் போனாலும் எதிர்க்காத்துதானா?"

ஹைன்ஸ் தலையைச் சொறிந்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். சிகுவிக்கில் மதுவுக்குத் தடை. ஆனாலும் பாட்டில்கள் வந்துகொண்டுதான் இருந்தன. வழி வானம் ஒன்றுதான். அந்த ஐம்பது நிமிடத்தில் ரெமி எங்கேயோ ஒதுங்கிப் பெட்டி இறக்கியிருக்கலாம் என்றான் ஹைன்ஸ். அடுத்த தடவை வரும்போது விமானத்தைச் சோதனை போடுவதாகவும் சொன்னான்.

பின்னால் ஒரு மனுஷன் ரத்தம் கக்கிக்கொண்டு கிடக்க... முன்னால் ஒருத்தன் சாராயப் பெட்டி இறக்கினானா?

பாட்டில் அகப்பட்டால் பாட்டிலுக்குத் தண்டனை கிடைக்கும். அண்ணன் சாவுக்கு யார் தண்டனை கொடுப்பது?

ரெமியிடமே கேட்டிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். சிகுவிக்கில் அப்படிக் கேட்க மாட்டார்கள். ஏன், எதற்கு என்று கேட்பது சின்னப் பிள்ளைகளும் போலீஸ்காரர்களும்தான். பெரியவர்கள் காத்திருப்பார்கள். சொல்ல இருப்பவன் அவனாகச் சொல்வான். அதுதான் மரியாதை. பதினான்கு வருடமாக இந்த வானத்தில் பறக்கும் ரெமிக்கும் அது பழகிப்போயிருந்தது.

சிமியோனியின் உடலைத் திருப்பிக் கொண்டுவந்த அன்று, ரெமி இதே குடிலில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் அவள் பக்கத்தில் நின்றான். ஒரு வார்த்தை பேசவில்லை. அவளும் பேசவில்லை. அப்புறம் போய்விட்டான்.

அன்று அதைத் துக்கம் என்று நினைத்தாள். கணக்குப் பார்த்த பிறகு புரிந்தது. அது குற்றவாளியின் மௌனம்!

மணி ஒன்று நாற்பது.

ஒவிலு நிமிர்ந்தாள். வடக்குக் குன்றின் மேலிருந்து பனித்தூள் புகைபோல இறங்கிக்கொண்டிருந்தது. பத்தே நிமிடத்தில் கடைசி விளக்குக் கம்பம் மறைந்தது. அடுத்து நடுக்கம்பம். அடுத்து குடிலுக்கு வெளியே இருந்த எண்ணெய்ப் பீப்பாய்.

உடனே வானொலியில் எச்சரிக்க வேண்டும். அது அவள் வேலை. கை தானாக ஒலிவாங்கிக்குப் போனது.

பாதியில் நின்றது.

கோடையில் கப்பல் வரும்வரை துக்துலிக்கில் எண்ணெய்க்குப் பஞ்சம். அளந்துதான் ஊற்றுவார்கள். ஐம்பத்தைந்தாவது நிமிடம் வரைக்கும் ரெமி திரும்பிப் போகலாம். அதைத் தாண்டினால் திரும்ப எண்ணெய் போதாது. சிகுவிக்கில் இறங்கித்தான் ஆக வேண்டும். ஒன்றும் தெரியாத வெள்ளையில், ஓடுபாதைக்கும் குன்றுக்கும் வித்தியாசம் தெரியாமல்...

இரண்டு ஐந்து வரை வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ரெமி தனி ஆள். மனைவி இல்லை, பிள்ளை இல்லை. சரக்கு விமானத்தில் வேறு யாரும் வருவதில்லை. அவள் எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தாள்.

ஒலிவாங்கியைத் தொடாமல் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

இரண்டு நாலு. பெட்டி கரகரத்தது.

"ஒவிலு, திரும்பறதுன்னா இப்பத்தான் திரும்பணும். வானம் அப்படியேதானே இருக்கு?"

குடிலின் சுவர் காற்றில் அதிர்ந்தது. ஜன்னலில் வெள்ளையைத் தவிர எதுவுமில்லை.

"அப்படியேதான்."

"நல்லவ நீ," என்றான் ரெமி.

அந்த இரண்டு வார்த்தை அவளைச் சுருக்கென்று குத்தியது. கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். இரண்டு ஐந்து. இரண்டு ஆறு. இரண்டு ஏழு. முடிந்தது. இனி அவளே நினைத்தாலும் முடியாது. நிம்மதி வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை.

கதவு படாரென்று திறந்தது. ஹைன்ஸ், உடம்பெல்லாம் பனியோடு உள்ளே விழுந்தான்.

"என் மூக்கு இருக்கான்னு பாரு அக்கா. ரெமியைச் சோதனை போடலாம்னு வந்தேன். திரும்பிப் போயிட்டானா?"

"வந்துட்டிருக்கான்."

"இந்த வானத்துலயா? நீ சொல்லலையா?"

ஹைன்ஸ் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு ஜன்னலைப் பார்த்தான். மறுபடி அவள் முகத்தைப் பார்த்தான்.

பெட்டி கரகரத்தது.

"ஒவிலு, என்னால ரகசியத்தை வச்சுக்க முடியல. புஸ்தகத்துல ஆள் கணக்கு எழுதிக்கோ. மூணு பேர்."

"மூணா?"

"நான். ஜுகீபா." ரெமி சிரிக்கிற சத்தம் கேட்டது. "அப்புறம் சிமியோனி."

ஹைன்ஸ் பெட்டியை நோக்கி ஓரடி எடுத்து வைத்தான். "சிமியோனியா? நாமதானே அவரை அடக்கம் பண்ணினோம்..."

ஒவிலுவுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

ஜுகீபா, சிமியோனியின் ஒரே மகள். சிகுவிக்கில் பிரசவம் பார்க்க வசதி இல்லை. நிறைமாதக்காரிகளை முன்கூட்டியே துக்துலிக்குக்கு அனுப்பிவிடுவார்கள். ஜுகீபாவும் அப்படிப் போனவள்தான். நாள் இன்னும் ஒரு வாரம் இருந்தது. ஐந்து நாளாக அந்த ஊர்த் தொலைபேசி ஊமை. ஆகவே சேதி ஏதும் வரவில்லை.

பிள்ளை பிறந்துவிட்டது. இறந்தவரின் பெயர் வைத்தாயிற்று. சிகுவிக்கில் அது வெறும் பெயர் இல்லை. பெயரோடு ஆளும் வருவான். அந்தப் பிள்ளையை ஒவிலு இனி அண்ணா என்றுதான் கூப்பிட வேண்டும்.

"அத்தை..." ஜுகீபாவின் குரல். "மூணு நாளாச்சு. அப்பா மாதிரியே முறைக்கிறான். நீதான் முதல்ல அவனைக் கூப்பிடணும்னு ஊர்ல யாருக்கும் சொல்லியனுப்பல."

அவள் குரலுக்குப் பின்னால் ஓர் அழுகை. பூனைக்குட்டி அளவுக்குச் சின்ன அழுகை.

அண்ணன் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தான். அவனைத்தான் அவள் கொன்றுகொண்டிருந்தாள்.

ஒவிலு ஒலிவாங்கியைப் பிடுங்கினாள்.

"ரெமி, திரும்பு."

"முடியாதே. எண்ணெய் பத்தாது. என்ன ஆச்சு?"

"இங்க எதுவும் தெரியல. எல்லாம் வெள்ளை. ஒண்ணு நாப்பதுலேர்ந்து இப்படித்தான்." அவள் ஒலிவாங்கியை வாயோடு சேர்த்துப் பிடித்தாள். "நான் பொய் சொன்னேன் ரெமி. தெரிஞ்சே சொன்னேன்."

ஹைன்ஸ் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தான்.

பெட்டியில் இரைச்சல் மட்டும் கேட்டது. ஐந்து மூச்சு நேரம். பத்து மூச்சு. ஏன் என்று அவன் கேட்பான் என்று காத்திருந்தாள்.

அவன் கேட்கவில்லை.

"சரி," என்றான். "காத்து எந்தப் பக்கம்?"

"வடக்கு. அம்பது இருக்கும். கூடிக்கிட்டே போகுது."

"சரி. அப்போ அமித்தோக் ஏரிக்குப் போறேன். இருபத்தஞ்சு நிமிஷம். அது வரைக்கும் எண்ணெய் இருக்கு."

அமித்தோக்! ஏன் அவளுக்குத் தோன்றவில்லை? மேற்கே, குன்றுகளுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கும் ஏரி. எங்கள் ஏரிக்குக் காற்றுக்கு வழி தெரியாது என்று சிமியோனி கேலி செய்வான். இரண்டு முழம் பனி உறைந்திருக்கும். விமானத்தின் சக்கரத்தோடு பனிச்சறுக்குப் பலகையும் உண்டு. ஆனால்...

"வடக்குக் கரையில பாறை இருக்கு ரெமி. பனிக்கு அடியில. உனக்குத் தெரியாது."

"தெரியும். தெற்குக் கரைதான் வாகு. கல்லறைப் பக்கம். ஏற்கெனவே இறங்கியிருக்கேன்."

விமானம் திரும்பும் இரைச்சல் கேட்டது.

"உன் அண்ணனோட."

ஒவிலுவின் மனம் பழக்க தோஷத்தில் கணக்குப் போட்டது. ஏரிக்குச் சுற்றிப் போக இருபத்திரண்டு நிமிடம். மீதி இருபத்தெட்டு நிமிடம் தரையில்.

ஐம்பது.

ஒவிலுவுக்கு ஐம்பத்தொரு வயது. பெரிய மனுஷியான பிறகு யாரிடமும் கேட்காத கேள்வியை அன்று கேட்டாள்.

"ஏன்?"

"அந்தக் கேள்விக்காகத்தான் நான் அன்னிக்கு அரை மணி உன் பக்கத்துல நின்னேன்."

"நீ சொல்லுவேன்னு நான் நின்னேன்."

"தெரியும்," என்றான் ரெமி. அப்புறம் சொன்னான்.

போன மாதம் சிமியோனி டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பியபோது, காகிதத்தைப் படித்துச் சொல்லும்படி ரெமியிடம்தான் கொடுத்தான். வயிறு முழுக்கப் பரவிவிட்டது. ஒரு மாதம் என்று போட்டிருந்தது. அவளாகக் கேட்கும்வரை தங்கையிடம் சொல்ல வேண்டாம் என்றான் சிமியோனி.

"அன்னிக்குக் கிளம்பி இருபது நிமிஷத்துல எழுந்து உக்காந்துட்டான். துக்துலிக்ல சாகறதுக்கு நான் எதுக்குடா அவ்வளவு தூரம் வரணும்னான். மியாலிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன், வண்டியை நிறுத்துன்னான். பஸ்ஸை நிறுத்தச் சொல்ற மாதிரி."

மியாலி, சிமியோனியின் மனைவி. ஏரிக்கரையில் கல்லறைக்குள் கிடப்பவள்.

"தூக்கிட்டுப் போய் அவ பக்கத்துல உக்கார வச்சேன். என் குடுவையிலேர்ந்து ரெண்டு வாய் தேநீர் குடிச்சான். அவகிட்ட என்னவோ சொன்னான். சிரிச்சான். அப்புறம் சிரிக்கல."

"என்ன சொன்னான்?"

"நான் கேக்கல."

ஒவிலு மேசை மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அண்ணன் செத்ததற்கு அழாத அழுகையெல்லாம் அப்போது வந்தது. அவன் சிரித்துக்கொண்டு செத்திருக்கிறான். அவனைத் தூக்கிக்கொண்டு போனவனை அவள் குன்றில் மோதவிடப் பார்த்தாள்.

"குன்றுக்குப் பின்னால போறேன். இனிமே என் குரல் கேக்காது," என்றான் ரெமி. பெட்டி அடங்கிப் போனது.

மணி இரண்டு முப்பத்தைந்து.

அதற்குப் பிறகு செய்ய ஒன்றுமில்லை. ஏரியில் இறங்கினார்களா, பாறையில் மோதினார்களா என்று சொல்ல யாருமில்லை. ஒவிலு இரண்டு கைகளையும் ஹைன்ஸுக்கு முன்னால் நீட்டினாள்.

"உன் காதாலயே கேட்டுட்ட. எழுதிக்கோ."

ஹைன்ஸ் சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்தான். பேனாவைத் திறந்தான். வெகுநேரம் வெறும் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மூடி வைத்துவிட்டுப் போய் அடுப்பில் தேநீருக்கு நீர் வைத்தான்.

மூன்று. நாலு. ஐந்து. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஒவிலு பெட்டியில் கூப்பிட்டாள். இரைச்சல்தான் பதில். தேநீர் ஆறியது. ஹைன்ஸ் மறுபடி சுட வைத்தான். மறுபடி ஆறியது.

ஐந்து இருபதுக்கு எண்ணெய்ப் பீப்பாய் தெரிந்தது. பிறகு நடுக்கம்பம். சாய்ந்த வெயிலில் கடைசிக் கம்பம்.

ஐந்து நாற்பதுக்குப் பெட்டி கரகரத்தது.

"சிகுவிக்... வானம் எப்படி?"

ஒவிலு கதவைத் திறந்துகொண்டு வெளியே ஓடினாள். நாலு திசையும் பார்த்தாள். திரும்பி வந்து மூச்சிரைக்கச் சொன்னாள்.

"தெளிவு. நான் சொல்றதை நம்ப வேண்டாம். ஹைன்ஸையும் பார்க்கச் சொல்றேன்."

"நீ சொன்னா போதும்," என்றான் ரெமி.

ஐந்து ஐம்பத்திரண்டுக்கு விமானம் சரளைக்கல்லைத் தொட்டது.

முதலில் ஜுகீபா இறங்கினாள். முதுகில் பிள்ளையைச் சுமக்கும் பெரிய குல்லாய் வைத்த அங்கி. ஒவிலு அந்தக் குல்லாய்க்குள் எட்டிப் பார்த்தாள். சுருங்கிய சிவந்த முகம். அப்படியே அந்த முறைப்பு.

"அண்ணா," என்றாள். "பிரயாணம் எப்படி?"

அண்ணன் கொட்டாவி விட்டான்.

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் ரெமி பக்கம் திரும்பினாள். ஆனால் அதற்கு வார்த்தை எங்கே இருக்கிறது? ரெமி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அன்று நின்ற மாதிரியே அவள் பக்கத்தில் வந்து நின்றான்.

"தேநீர் இருக்கா?" என்றான்.

குடிலுக்குள் வந்ததும் ஒவிலு இடுப்பிலிருந்த சாவியைக் கழற்றி மேசை மேல் வைத்தாள். இனி இந்த வானொலி முன் தான் உட்காரப் போவதில்லை, மேலே இருக்கிறவர்கள் நம்புகிற கண்ணாக இருக்கும் யோக்கியதை தனக்கு இல்லை என்றாள். யாரும் மறுக்கவில்லை. அது நியாயம் என்று அவளுக்கும் தெரியும். இருபத்திரண்டு வருட வேலை ஒரு நிமிடத்தில் முடிந்தது. நெஞ்சு வலித்தது. குல்லாய்க்குள்ளிருந்து தும்மல் சத்தம் கேட்டது. வலி கொஞ்சம் குறைந்தது.

ஹைன்ஸ் பதிவுப் புத்தகத்தை இழுத்து வைத்துக்கொண்டான். புறப்பாடு, ஒன்று பத்து. தூரம், நானூற்று முப்பது. வருகை, ஐந்து ஐம்பத்திரண்டு. பயண நேரம், நாலு மணி நாற்பத்திரண்டு நிமிடம். தாமதத்துக்குக் காரணம் என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

பேனாவைத் திறந்து, நாக்கைத் துருத்திக்கொண்டு, ஒரே வார்த்தை எழுதினான்.

எதிர்க்காற்று.

ரெமி எட்டிப் பார்த்தான். "இன்னிக்கு வடக்குக் காத்து ஆச்சே கான்ஸ்டபிள். நான் வந்ததும் வடக்கேயிருந்துதான். காத்து என் முதுகுலதானே அடிச்சுது?"

ஹைன்ஸ் புத்தகத்தை மூடிவிட்டுத் தேநீரை ஒரு வாய் உறிஞ்சினான்.

"நான் உன்கிட்ட ஏதாவது கேட்டேனா?"